தலையில் தீ

கேள்வி: பாரசீகச் சிற்றோவியங்களில் மகான்களின் தலையைச் சுற்றித் தீ எரிகிறதே, ஏன்?
– ஒரு வாசகர், கேலாங், சிங்கப்பூர்

பதில்: 995-ஐ அழைத்துவிடாதீர்கள், அது சுடாத தீ! நடராஜரின் திருவாசியில் சுவாலை இல்லையா, அதுபோல இது புனிதத்தின் அடையாளம்.

1488-ல் ஹேராத் நகரில் ஓவியர் பிஹ்சாத் வரைந்த யூசுப் நபியைப் பாருங்கள். பூட்டிய கதவுகள் நிறைந்த மாளிகை, அவர்மேல் ஆசைகொண்ட சுலைகா பாய்ந்து பிடிக்கிறாள், அவர் நழுவுகிறார். அந்தக் களேபரத்திலும் தலைச்சுடர் அணையவில்லை. கவிஞர் சாதியின் ‘பூஸ்தான்’ காவியச் சுவடிக்காக வரைந்தது, இப்போது கெய்ரோவில் இருக்கிறது. இப்படி உருவங்கள் இடம்பெற்றதெல்லாம் காவிய, வரலாற்றுச் சுவடிகளில்தான். குர்ஆன் பிரதிகளில் கிடையாது. நபிகள் நாயகத்தின் முகத்தைத் திரையிட்டு மறைப்பதும் 16-ஆம் நூற்றாண்டில் வழக்கமாயிற்று.

புத்தர் விகாரைகளும் பள்ளிவாசலும் உள்ள பேட்டைக்காரரான உங்களுக்கு இன்னொரு சேதி: இந்த ஓவியங்களில் புத்தரும் உண்டு! பாரசீகத்தை ஆண்ட மங்கோலிய மன்னரின் அமைச்சர் ரஷீதுத்தீன் தப்ரீஸில் எழுதுவித்த உலக வரலாறு ‘ஜாமிஉத் தவாரீக்’. புத்தர் கதைக்குத் தகவல் தந்தவர் காஷ்மீரத்துத் துறவி கமலஸ்ரீ. அதன் 1314-ஆம் ஆண்டுப் பிரதியில் சாக்கியமுனி, அதாவது புத்தர், சாத்தானுக்குப் பழம் கொடுக்கிறார். உங்கள் ஊர் டுரியானாக இருக்க வாய்ப்பில்லை. இருந்திருந்தால் வாசனைக்கே சாத்தான் சீடனாகியிருப்பான்.

இஸ்லாமியக் கலைப்பொருள்களைப் பார்க்க எம்பிரஸ் பிளேஸில் உள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குப் போங்கள். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு நிரந்தரக் காட்சிகள் இலவசம்.