வெள்ளகோவில் வட்டார இல்லங்களில் சிக்கனச் சவுக்காரம்: ஒரு வேதியியல், பொருளியல், உறவியல் ஆய்வு

சிக்கனச் சவுக்காரம் என்பது, மளிகைக் கடையில் பத்து ரூபாய் கொடுத்தால் அக்கணமே கைக்கு வரக்கூடிய துணி சோப்பு ஒன்றை, அந்தப் பத்து ரூபாயை மிச்சம் பிடிக்கும் பொருட்டு, வீட்டின் பின்கட்டில் ஒன்றரை மாத காலம் செலவிட்டு ஆக்கிக்கொள்ளும் முறையையும் அதன் விளைபொருளையும் ஒருங்கே குறிக்கும் சொல்லாக இக்கட்டுரையில் ஆளப்படுகிறது. கொங்கு நாட்டின் கல்வெட்டுகளையும் காளைகளையும் பற்றி விரிவாக எழுதிய அறிஞர் பெருமக்கள் இப்பொருளைத் தீண்டாது விட்டமைக்கு, அவர்களுடைய வேட்டிகளைப் பிறர் துவைத்ததே காரணமாகலாம்.

ஆய்வுக்களமாகத் திருப்பூர் மாவட்டத்து வெள்ளகோவில் தெரிவு செய்யப்பட்டதற்குத் தக்க காரணங்கள் உண்டு. எண்ணெய் ஆலைகள் நிறைந்த ஊர் இது; இங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கொப்பரையும் சூரியகாந்தி விதையும் ஏலத்துக்கு வருகின்றன. தென்மேற்குப் பருவமழைக்கு மலை மறைத்து நிற்பதால் வறண்டுபோன நிலப்பகுதியாகையால், ஆழ்துளைக் கிணற்றில் மேலேறுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீரே. சோப்புக்கு வேண்டிய எண்ணெயைக் கொடுத்துவிட்டு, அதைக் கரைக்க வேண்டிய நீரைக் கொடுக்க மறுத்த இயற்கையின் இந்த ஓரவஞ்சனையே பின்வரும் ஆராய்ச்சியின் மையமாகும்.

முன்னோர் இச்சிக்கலை அறியாதவர் அல்லர். இயற்கையாகவே சோடா உப்புக் கலந்த உவர்மண்ணில் துணியை ஊறவைத்து, பானையிலிருந்து எழும் நீராவியில் அவிக்கும் வெள்ளாவி முறையால் சலவைத் தொழிலாளர்கள் வெளுத்தனர். இல்லத்தில் பூந்திக்கொட்டை பயன்பட்டது. 1888இல் சன்லைட் சோப்புப் பெட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கிய பின்னரே, துணிக்கென்று காசு கொடுத்து வாங்கும் கட்டி ஒன்று உண்டென்பதும், காசு கொடுப்பதால் அதில் மிச்சம் பிடிக்கவும் வழி உண்டென்பதும் நாட்டுக்குத் தெரியவந்தன.

சிக்கனவாதிகள் தம் கட்சிக்குத் தவறாமல் காட்டும் மேற்கோள் கர்சன்பாய் படேலுடையது. குஜராத் அரசின் கனிமவளத் துறையில் ஆய்வகப் பணியாளராக இருந்த அவர், 1969இல் அகமதாபாத்தில் வீட்டின் பின்புறத்தில் சலவைத்தூளைக் கலந்து, சர்ஃப் கிலோ சுமார் 13 ரூபாய்க்கு விற்றபோது தம் நிர்மாவை 3 ரூபாய்க்குச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தார். 1983இல் திருச்சூர்க்காரரான எம்.பி. ராமச்சந்திரன் சமையலறைச் சோதனைகளின் வழியே உஜாலா நீலத்தைக் கண்டதும் இவ்வரிசையில் சேர்க்கப்படுகிறது. இவ்விருவரும் தாம் ஆக்கியதைப் பிறருக்கு விற்றார்களேயன்றித் தம் வீட்டுச் சலவைச் செலவைக் குறைக்கவில்லை என்னும் நுண்ணிய வேறுபாட்டைச் சிக்கனவாதிகள் கவனித்ததாகத் தெரியவில்லை. 1989இல் தருமபுரியில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களில் சோப்புத்தூளும் பினாயிலும் தயாரிக்கக் கற்றவர்கள் மட்டும் இதை முதல் நாளே புரிந்துகொண்டு, விலைச்சீட்டை எழுதிவிட்டுத்தான் வாளியைக் கழுவினார்கள்.

இனிச் செய்முறை. கொழுப்பும் காரமும் வினைபுரிந்து சோப்பும் கிளிசரினும் உண்டாவதைச் சவுக்காரமாதல் என்பர். ஒரு கிலோ தேங்காய் எண்ணெயை முழுமையாகச் சோப்பாக்க ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அதுவே கடலை எண்ணெயாயின் சுமார் 135 கிராம் போதும். இந்த 48 கிராம் வேறுபாட்டில்தான் குடும்பங்களின் நிம்மதி அடங்கியுள்ளது. தேங்காய் எண்ணெய்க்கென எழுதிய குறிப்பைப் பார்த்துத் தீபாவளிப் பலகாரம் சுட்ட கடலை எண்ணெயில் காரத்தைக் கொட்டுவோர், வினையுறாமல் எஞ்சும் காரத்தைத் தம் உள்ளங்கையால் அளந்தறிய நேரிடும். காரத்தைத் தண்ணீரில் சிறிது சிறிதாக இட வேண்டுமேயன்றிக் காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றலாகாது; கரைசல் அடுப்பின்றியே கொதிப்பது போலச் சூடேறும். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும் என்பதால் எவர்சில்வரே தக்கது. கலவையை வலப்புறமாக மட்டுமே கிண்ட வேண்டும், திசை மாற்றினால் திரிந்துவிடும் என்னும் நம்பிக்கைக்கு வேதியியல் ஆதரவு ஏதுமில்லை. ஆயினும் மாமியார் அருகில் இருக்கும்போது வலப்புறமாகக் கிண்டுவதே முறை.

பெரிய ஆலைகள் பிரித்தெடுத்துவிடும் கிளிசரின் வீட்டுச் சோப்பில் தங்கிவிடுவதால் அது தோலுக்கு மென்மை தரும் என்று பாராட்டப்படுகிறது. வேட்டிக்குத் தோல் இல்லை என்பது இங்கு நினைக்கத்தக்கது.

பொருளியல் நோக்கில், புது எண்ணெய் முதலிலேயே தள்ளுபடியாகிறது. 2025இல் தேங்காய் எண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது, ஒரு கிலோ எண்ணெயிலிருந்து காய்ந்தபின் ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேலாகக் கிடைக்கும் சோப்புக்கு எண்ணெய்ச் செலவு மட்டுமே கிலோவுக்கு 300 ரூபாயை ஒட்டி வந்தது. கொப்பரை ஏலத்துக்குப் போய்வரும் குடும்பத்தில், அந்த எண்ணெயைத் துணிக்குப் போடலாம் என்று வாய்திறப்பவரைப் பற்றி என்ன பேசப்படும் என்பதை இங்கு எழுத இயலாது. எனவே மூலப்பொருள், பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெய் ஒன்றே. அதுவும் இரண்டாம் முறை அப்பளம் பொரிக்கவும், மூன்றாம் முறை தாளிக்கவும் ஆகி, இனி எதற்கும் உதவாதென்று ஆத்தாளே கைவிட்ட பின்னர்தான் ஆய்வாளர் கைக்கு வரும்.

எல்லாம் கூடிவந்தாலும் தண்ணீர் கூடிவராது. நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவே கடினத்தன்மை எனப்படும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மை என வைத்துக்கொண்டால், 15 லிட்டர் வாளியில் அது ஏழரைக் கிராம். அதைத் தீர்த்துக்கட்டவே சுமார் 45 கிராம் சோப்பு செலவாகும். அதாவது ஒன்றரை மாதம் காய்ந்த கட்டியின் கணிசமான பகுதி, துணியைப் பார்க்கும் முன்னரே வெண்திரையாக வாளியில் மிதக்கும். மறுபடி அதே தண்ணீரில் அலசும்போது எஞ்சியதும் திரிந்து நூலிழையில் படிந்து, கல்யாணத்துக்குக் கட்டும் வெள்ளை வேட்டியைச் சாம்பல் நிறமாக்கும். கடையில் விற்கும் சலவைத்தூள் சோப்பு வகையைச் சேர்ந்ததன்று. அதிலுள்ள செயற்கைப் பொருள் கால்சியத்தோடு அவ்வளவாகப் பிணங்குவதில்லை. சலவைச் சோடாவை முன்கூட்டியே வாளியில் கரைத்து நீரை மென்மையாக்கலாம். அந்தச் சோடா கடையில்தான் வாங்கப்படுகிறது.

ஆகவே எஞ்சும் கட்டிகளின் போக்கிடம் தனி ஆய்வுக்குரியது. முதல் கட்டி துணிக்கும், அடுத்தவை மோட்டார் அறையில் கிரீஸ் படிந்த கை கழுவவும், மொபெட்டைத் துடைக்கவும், நாயைக் குளிப்பாட்டவும் செல்கின்றன. மீந்தவை செய்தித்தாளில் பொதிந்து சம்பந்தி வீட்டுக்கு அன்பளிப்பாகின்றன. அவர்களும் மறுக்காமல் வாங்கிவைத்து, அடுத்த ஆண்டு தம் வீட்டுப் பலகார எண்ணெயை ஒரு தூக்குப் போசியில் ஊற்றி, இதையும் சோப்பாக்கிக் கொடுங்கள் என்று அனுப்பிவைக்கிறார்கள். மளிகைக் கடைச் சிட்டையிலோ அம்மாதத்துச் சலவைத்தூள் வழக்கமான அளவிலேயே எழுதப்பட்டிருக்கிறது; அதற்குக் கீழே காஸ்டிக் சோடா என ஒரு வரி கூடுதலாக உள்ளது.