மலை இறங்கும் தண்ணீர், மலை ஏறும் ஜீப்

ஜூன் பிறந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் அன்றும் இன்றும் ஒரே கேள்விதான்: "தண்ணி திறந்தாச்சா?" 1895-இல் பொறியாளர் பென்னிகுக் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்து வந்து லோயர் கேம்ப்பில் இறங்குகிறது. அங்கிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு அதுதான் உயிர்.

அப்போதெல்லாம் தண்ணீர் திறக்கும் தேதி தெரிந்ததுமே அப்பா விதைநெல்லைச் சாக்கில் கட்டி ஊறப்போடுவார். மறுநாள் எடுத்து, வைக்கோல் போட்டு மூடி, மேலே கல்லை ஏற்றி வைப்பார். ஒரு நாள் கழித்துச் சாக்குக்குள் என் கையை விடச் சொல்வார். அணைந்த அடுப்புச் சாம்பல் போல வெதுவெதுவென்றிருக்கும். வெள்ளை முளை எட்டிப் பார்த்திருந்தால், "போதும்டா, பாவிரலாம்" என்பார். நடவன்று முதல் நாற்றை ஊன்றும்போது சித்திமார் போடும் குலவை அடுத்த வயலுக்கும் கேட்கும். அறுப்புக் கூலி நெல்லாகவே போகும். மீதி எங்கள் வீட்டுக் குலுக்கையில் நிறையும்.

இப்போது பெல்ட் வண்டி அறுத்துக் கொட்டிய நெல், ஈரம் காயுமுன் வியாபாரியின் லாரியில் ஏறிவிடுகிறது. நெல் விளைவித்த வீட்டுக்கு அரிசி 25 கிலோ சிப்பமாகக் கடையிலிருந்து வருகிறது. இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவே முடியவில்லை.

அணையின் நீர்மட்டத்தை 1979-இல் 136 அடியாகக் குறைத்தார்கள். அந்தத் தண்ணீர் உரிமைக்காக 2011 டிசம்பரில் ஊர் ஊராகத் திரண்டு, கேரள எல்லையிலுள்ள குமுளியை நோக்கி நடந்தோம். 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. அப்படிப் போராடிக் காத்த தண்ணீர் பாயும் வயல்களில் பல, தென்னந்தோப்பாகிவிட்டன. சாலையோர வயல்களில் மனைக்கல் நிற்கிறது.

நாற்று நட்ட பெண்கள், விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். நம் தண்ணீர் இறங்கிவரும் அதே மலைக்கு! அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நெல் வேலை போகத்துக்குச் சில நாள்தான். தோட்டத்தில் மாதக்கணக்கில் வேலை இருக்கிறது.

தம்பி இந்தப் போகமும் நாற்றுப் பாவியிருக்கிறான். ஆள் கேட்க, ஜீப் கிளம்புமுன் சித்தி வீட்டு வாசலில் போய் நின்றான்.

"தோட்டத்துக் கூலி குடுப்பியாப்பா?" என்று கேட்டாள் சித்தி.

வியாபாரி மூட்டைக்குச் சொல்லும் விலையில் அவனால் அது முடியாது.