கேளுங்கள், பேரம் பேசாமல் பதில்!

புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் வழி தவறினால்? (வாசகி, வெள்ளவத்தை)

இரண்டாம் குறுக்குத் தெருவில் நிமிர்ந்து பாருங்கள். சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலின் சிவப்பு வெள்ளைக் கோடுகள், கப்பலில் வந்தவர்களுக்கே துறைமுகத்தை அடையாளம் காட்டியவை என்பார்கள். உங்களுக்கு பஸ் ஸ்டாண்டைக் காட்டாதா?

நம் துடுப்பாட்டக்காரர்கள் ஏன் சதம் தருவதில்லை? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பஸ் கண்டக்டரிடம் மிச்சச் சதம் கேட்டதுண்டா?

பிரட்மன் கொழும்பில் ஆடினாராமே? (வாசகர், பம்பலப்பிட்டி)

ஆடினார், 1948 இல். சந்தேகப்பட்டு அளந்து பார்த்தால் 22 யார் இருக்கவேண்டிய ஆடுகளம் 20 யார்தான்! கெய்சர் வீதியில் துணி வாங்கும்போது நீங்களும் அளவுகோலைக் கவனியுங்கள்.

முரளியை விட்டால் தமிழருக்குக் கிரிக்கெட்டில் என்ன பங்கு? (வாசகர், புறக்கோட்டை)

ஆளை விடுங்கள், மைதானமே இருக்கிறதே! 1899 இல் தொடங்கிய தமிழ் யூனியன் கழகத்தின் சரவணமுத்து மைதானத்தில்தான் 1982 இல் இலங்கையின் முதல் டெஸ்ட். 1985 இல் முதல் டெஸ்ட் வெற்றியும் அங்கேதான். தோற்றது யாரென்று சென்னைச் சொந்தக்காரரிடம் கேட்டுவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் நிச்சயம்: அங்கே எந்த மொழிக்காரர் அடித்தாலும் எல்லைக்கோடு ஒன்றே.