வண்டி மாடு போக வர பாத்தியம் உண்டு

ஒரு வணிகக் கட்டடம் கைமாறும்போது எழுதப்படும் கிரயப் பத்திரத்தைப் போல ஒளிவுமறைவு இல்லாத இலக்கியம் தமிழில் வேறு கிடையாது. நான்கெல்லை, சதுரடி, மின் இணைப்பு எண், கிணற்றில் பங்கு, தென்மேற்கு மூலை வேப்பமரம் எல்லாம் வந்துவிடும். பூமிக்கடியில் புதையல் கிடந்தாலும் விட்டுப்போகக் கூடாதென்று ‘நிதி நிட்சேபம்’ சேர்த்துவைப்பார் பத்திர எழுத்தர். மாடு போய் இரண்டு தலைமுறை ஆன தெருவிலும் ‘வண்டி மாடு போக வர பாத்தியம்’ எழுதுவார்.

மாட்டுக்கு உள்ள அந்தப் பாத்தியம் சக்கர நாற்காலிக்கு இல்லை.

வாங்குகிறவர் லேசுப்பட்டவரா? முப்பது வருட வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, வக்கீலின் லீகல் ஒப்பீனியன் என்று துருவி எடுப்பார். ஈசானிய மூலையில் கழிப்பறை என்று வாஸ்துக்காரர் அலறினால் விலையில் இரண்டு லட்சம் இறங்கும். வாசலில் கைப்பிடி இல்லாமல் ஆறு படி, அதற்கப்புறம்தான் லிப்டே தொடங்குகிறது. இதற்காக ஒரு ரூபாய் குறைத்துக் கேட்டவர் உண்டா? ஈசானியம் கோபித்தால் வியாபாரம் படுத்துவிடும். மாற்றுத்திறனாளி கோபித்தால் என்ன, படியேறி வந்தா சண்டை போடப் போகிறார்?

விற்கிறவரையும் குறை சொல்ல முடியாது. சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் வாங்குபவர் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைகளை மட்டும் சொன்னால் போதும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவு. படிதான் பளிச்சென்று தெரிகிறதே! அதில் இரண்டு காலால் ஏறி வந்தவருக்கு அது குறையாகத் தோன்றாததற்கு விற்பவரா பொறுப்பு?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் வந்தது. மக்கள் வந்துபோகும் தனியார் வணிகக் கட்டடமும் அதன்படி பொதுக் கட்டடம்தான். பழைய கட்டடங்களுக்கு, சட்டத்தின் விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்து வருட அவகாசம். விதிகள் வந்தது 2017 ஜூன். கெடு முடிந்தது 2022 ஜூன். அன்றைக்கு எந்தக் கட்டடமும் வெட்கப்பட்டுத் தலைகுனியவில்லை. “நான் கட்டுனப்போ இந்தச் சட்டமே இல்லீங்க” என்கிறார் விற்றவர். “நான் கட்டவே இல்லீங்களே” என்கிறார் வாங்கியவர். டைட்டில் கிளியர் என்கிறது வங்கி. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்த விதிகளில் 15(1), கட்டாயமாக இருக்க வேண்டியதை வெறும் வழிகாட்டலாக்கிவிட்டது என்று சொல்லி அதையே செல்லாதென்றது. ஆக, இத்தனை வருடமாக நாம் மீறிக்கொண்டிருந்தது ஒரு சிபாரிசைத்தான்!

“ராம்ப் இருக்கே சார்” என்பார்கள். இருக்கிறது. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. மூன்றடி உயர வாசலுக்கு 36 அடி நீளம் வேண்டும், நடுவில் நின்று மூச்சுவிடச் சமதளம் தனி. இங்கே இருப்பதோ ஆறடி நீளம், வழுவழு டைல்ஸ், அதன்மேல் மூன்று பைக். பூங்காவில் வைத்தால் பிள்ளைகள் சறுக்கி விளையாடலாம். சக்கர நாற்காலி படம் ஒட்டிய கழிப்பறையில் துடைப்பம், பினாயில் கேன், போன தீபாவளியின் ஆஃபர் பேனர்.

பதிவு அலுவலகமே மாடியில் இருந்தால்? கவலை வேண்டாம். உடல் நலிவால் வர முடியாதவர் நேரில் வரத் தேவையில்லை, அலுவலர் தேடிப் போகலாம் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 38ஆம் பிரிவு சொல்கிறது. அதே சலுகை அதே பிரிவில் இன்னொருவருக்கும் உண்டு: சிறையில் இருப்பவருக்கு. அவருக்காவது விடுதலைத் தேதி இருக்கும்.

அபராதம்? இரண்டு கோடிச் சொத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம், 18 லட்சம். 2016 சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை. திறப்பு விழாச் செண்டை மேளத்துக்கு அட்வான்ஸ் கூட அதைவிட அதிகம். அடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் வரையாம். முதல் முறையே சிக்காதவருக்கு அடுத்த முறை ஏது?

கலிபோர்னியாவில் வணிக இடத்தைக் குத்தகைக்கு விடுபவர், சான்று பெற்ற அணுகல் நிபுணர் அதைச் சோதித்தாரா என்று 2013 ஜூலை முதல் பத்திரத்திலேயே எழுதியாக வேண்டும். சோதிக்கவில்லை என்றால் இல்லை என்றாவது எழுத வேண்டும். நம் பத்திர எழுத்தர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம், இலவசமாக நானே எழுதித் தருகிறேன்:

‘மேற்படி சொத்தில் ஆறு படிகளும், ஏற முடியாத சாய்தளம் ஒன்றும், துடைப்பத்தின் அனுபவத்தில் உள்ள கழிப்பறை ஒன்றும் அடங்கும். சக்கர நாற்காலியில் வருபவர், ஊன்றுகோலில் வருபவர், முழங்கால் தேய்ந்த பாட்டிமார் ஆகியோர் நுழைய எழுதிக் கொடுப்பவர் காலத்தில் வழி இல்லை. இந்த வழியின்மையை எழுதி வாங்குபவர் முழு மனதுடன் ஏற்று, புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திரத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.’

கீழே சாட்சிகள் இருவர் கையெழுத்து. படியேறக்கூடியவர்களாகப் பார்த்துக் கூட்டி வாருங்கள்.