கழுத்துவலி சார்

ஓ.எம்.ஆரில் எந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் ஏறினாலும் மாடிக்கு ஒரு கழுத்துவலி சார் இருப்பார். யாராவது கூப்பிட்டால் சுழல்நாற்காலியோடு முழுசாகத்தான் திரும்புவார். தலை மட்டும் தனியாகத் திரும்பி வருஷக்கணக்காகிறது.

வலியைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. மானிட்டரின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்க வேண்டும் என்று புதிதாகச் சேர்ந்த பையனுக்கு வகுப்பெடுப்பார், மடியில் லேப்டாப்பை வைத்துக் கூன்போட்டபடியே. ஆயுஷ் அமைச்சகம் 2021-இல் அலுவலகக்காரர்களுக்காக வெளியிட்ட 5 நிமிட யோகா செயலி, ‘ஒய்-பிரேக்’, அவர் போனில் பத்திரமாகத் தூங்குகிறது. மேஜை டிராயரில் அமிர்தாஞ்சன், கழுத்துப்பட்டி, ஊரிலிருந்து அம்மா அனுப்பிய தைலம். எல்லாவற்றுக்கும் அடியில், உறை பிரிக்காமல், ஹெச்.ஆர். கொடுத்த சிவப்பு ரப்பர் பட்டை.

பட்டையின் மகிமை தெரியாமல் இல்லை. டென்மார்க்கில் கழுத்து, தோள் வலிக்காரர்கள் 198 பேரை வைத்து நடத்தி 2011-இல் வெளியான ஆய்வு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். தினம் 2 நிமிடம், வாரம் 5 நாள், 10 வாரம் பட்டையை இழுத்தவர்களுக்கே வலி குறைந்திருக்கிறது. இதை அவர் டீக்கடையில் சொல்லி முடிக்க 20 நிமிடம் பிடிக்கும்.

அதே ஆய்வில் இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்களுக்குப் பட்டை கிடையாது. வாராவாரம் பொதுவான உடல்நலத் தகவல் மட்டும். ஒப்பிட்டுப் பார்க்க ஒதுக்கிவைத்த கூட்டம். சாரின் ஆபீஸிலும் திங்கள்தோறும் ஹெச்.ஆர். ஆரோக்கிய மெயில் அனுப்புகிறது. அக்கறையாகப் படிக்கிறார், நாலு பேருக்கு பார்வர்டும் செய்கிறார். தான் எந்தக் கூட்டம் என்பது மட்டும் உறைப்பதில்லை.

அவரை மட்டும் சொல்லியும் குற்றமில்லை. புதன்கிழமை நாலு மணிக்குப் பயிற்சி சொல்லித்தர பிசியோ மேடம் வருவார். அதே நாலு மணிக்கு மேனேஜர் கால் போடுவார். “பயிற்சியை வீட்ல பண்ணிக்கலாமே!” என்பார். டென்மார்க்கிலேயே 3 மருத்துவமனைகளின் பெண் ஊழியர்கள் 200 பேரில் சிலரை வேலை நேரத்தில் சேர்ந்தும், மற்றவர்களை வீட்டில் தனியாகவும் பயிற்சி செய்யவிட்டுப் பார்த்தார்கள். வலி அதிகம் குறைந்தது வேலையிடத்தில் செய்தவர்களுக்கு. சார் அதையும் மேனேஜருக்கு அனுப்பினார். கட்டைவிரல் பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

போன புதன்கிழமை கால் ரத்து. தப்ப வழியில்லாமல் சாரும் பயிற்சிக்குப் போய்விட்டார். பட்டைகளை நிறம்பார்த்து எடைபோட்டவர், உதட்டைப் பிதுக்கினார்.

“சிவப்பு ரொம்ப லேசு மேடம். எனக்கு அந்தக் கறுப்பு குடுங்க.”

“முதல்ல இதை உறையிலேர்ந்து எடுங்க சார்.”