கடலில் நின்ற கால்

சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வருவார். ஏறி ஓட்டி யாரும் பார்த்ததில்லை. செயின் துருவேறிக் கிடக்கும், பின் டயரில் காற்று இருக்காது. ஹேண்டில்பாரில் ஒரு மஞ்சள் பை, பைக்குள் ஒரு கவுளி வெற்றிலை. இதைச் சுமக்க ஒரு சைக்கிளா என்று கேட்டால், "வண்டி இருந்தாதான்யா ஒரு கெத்து" என்பார். வண்டி இல்லாவிட்டால் நாலு எட்டு வைப்பதற்குள் இடப்பக்கமாகச் சாய்வார் என்பது அவருக்கும் சைக்கிளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். கைத்தடி பிடித்தால் கிழவன் என்பார்கள். சைக்கிள் தள்ளினால் என்னமோ வேலையாகப் போகிறார் என்பார்கள்.

இவர் ஒரு ஆள் இல்லை. பழவேற்காட்டு ஏரியோரக் குப்பங்களில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. வல்லூரில் வேலை பார்க்கும் மகனோடு மீஞ்சூருக்குக் குடிவந்துவிட்டவர்கள் கணக்கு தனி. சைக்கிள் இல்லாதவர் பங்குனி வெயிலிலும் மடக்கிய குடையோடு திரிவார். அதை விரித்தால் ஊன்ற முடியாதே! குடையும் இல்லாதவர் பேரன் தோளில் கை போட்டுக்கொள்வார். "புள்ளைக்கு வழி தெரியாது, நான்தான் கூட்டிகினு போறேன்" என்பார். பையனுக்கு வயது பன்னிரண்டு. அந்தத் தெருவிலேயே பிறந்தவன்.

வழியில் பத்தடிக்கு ஒரு நலம் விசாரிப்பு நடக்கும். ஊரே பாராட்டும் குணம் அது. எந்தெந்த வீட்டின் முன் நின்று விசாரிக்கிறார் என்று கவனித்தால்தான் விஷயம் புரியும். பிடித்துக்கொள்ளக் கம்பியோ கேட்டோ இல்லாத வீட்டுக்காரர்கள் எப்படிப் போனால் இவருக்கென்ன.

இவர் வாழ்நாளில் விழுந்ததே இல்லை. போன ஐப்பசி மழையில் வாசற்படியில் "உக்காந்தார்". பொங்கலுக்கு முந்தின நாள் பாத்ரூமில் "உக்காந்தார்". பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நடந்ததற்குக் குற்றவாளி கண்டக்டர். பாத்ரூம் கேஸில் மனைவி கொட்டிய சோப்புத் தண்ணீர், வாசற்படிக்கு கரண்ட் கட், தெருவில் தடுக்கினால் பஞ்சாயத்து. சொந்தக் கால் மட்டும் எந்த வழக்கிலும் குற்றவாளிக் கூண்டில் ஏறியதில்லை.

"கடல்ல நின்ன காலுடா இது!" என்பதுதான் கடைசி வாதம். அதில் பொய் இல்லை என்பதுதான் இந்தக் கதையில் பாவமான இடம். நாற்பது வருஷம் நின்றவர்தான். முகத்துவாரத்தில் அலை எடுத்து அடிக்கும்போது படகின் பின்கோடியில் நின்று வலையைப் பார்த்தவர். இடுப்பளவு ஏரித் தண்ணீரில் கழி ஊன்றிப் படகு தள்ளியவர். நாம் நேராக நிற்பதற்கு மூன்று பேர் சாட்சி சொல்ல வேண்டும்: கண், உள்காது, பாதம். எது மேல், எது கீழ், எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று மூவரும் ஓயாமல் தகவல் சொல்ல, மூளை விசாரித்துத் தீர்ப்பு எழுத, காலும் இடுப்பும் அதை நிறைவேற்றும். படகில் நின்ற காலமெல்லாம் இந்தக் கோர்ட்டுக்கு விடுமுறையே கிடையாது. அறுபதில் படகை விற்றார். அன்றிலிருந்து டிவி முன் நாற்காலி. கண்ணில் புரை விழ ஆரம்பித்தது. சர்க்கரையால் பாதம் மரத்து, செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடக்கிறார். உட்கார்ந்தே இருந்ததில் தொடைச் சதை வற்றியது. இப்போது இருட்டில் எழுந்து நின்றால் மூன்று சாட்சியில் இரண்டு பிறழ் சாட்சி. அலைக்கு அசையாதவரைச் சாய்க்க, சுனாமிக்குப் பிறகு வந்த காங்கிரீட் வீட்டில் மகன் ஆசையாகப் போட்ட வழவழ டைல்ஸ் போதும்.

விடியற்காலை மூன்று மணி இன்னொரு கண்டம். கடலுக்குப் போன பழக்கத்தில் கண் விழித்ததும் விருட்டென்று எழுவார். பிரஷர் மாத்திரை போடுகிற உடம்புக்கு அந்த வேகம் ஆகாது. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிக் கண் இருட்டும். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழலாம். அதெல்லாம் நோயாளிகளுக்கு என்பது இவர் கட்சி.

படுக்கையில் புரளும்போது சில நாள் வீடே சுற்றும். உடனே பித்தம் என்று தீர்ப்பு, இஞ்சிச் சாறு, அரை மூடி எலுமிச்சை. உள்காதில் இருக்கும் பொடிப்பொடியான சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறிப் போனாலும் இப்படித்தான் சுற்றும். அதுதான் காரணம் என்றால், தெரிந்த டாக்டர் தலையை ஒரு முறைப்படித் திருப்பிச் சாய்த்து, சில நிமிஷத்தில் சரிசெய்துவிடுவார். ஆனால் அதற்குத் தலை சுற்றுகிறது என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டுமே. எலுமிச்சம்பழத்துக்கு எதையும் சொல்ல வேண்டியதில்லை.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்ததிலிருந்து இவருக்குச் சிக்கல். மாத்திரையோடு வீட்டுக்கே வந்துவிடுகிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து ராஜா மாதிரி கையை நீட்டுவார். பிரஷர் பார்த்த பெண், "எங்கயாவது விழுந்தீங்களா, தாத்தா?" என்று கேட்டாள். "நானா? சேச்சே!" உள்ளேயிருந்து, மீன் ஆய்ந்த கையோடு, ஒரு குரல்: "மூணு வாட்டி."

இந்தத் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வரும். வந்த பெண் எடுத்ததும் இவரை ஒன்றும் கேட்கவில்லை. சுவரைப் பார்த்தாள். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை இடுப்புயரத்தில் கைபட்டுக் கறுத்த ஒரு பட்டை. பொங்கலுக்கு அடித்த வெள்ளைக்கு மேல் மாசிக்குள் மறுபடி படிந்தது. "தாத்தா, ராத்திரி இப்படியே புடிச்சிட்டுப் போறீங்களா?" முதல்முறையாக மனிதர் தலையைக் குனிந்தார்.

சொல்லிக் கொடுத்ததெல்லாம் சின்ன விஷயம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சமையல் மேடையைத் தொட்டுக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது, ஒரு பாதத்தின் முன் இன்னொரு பாதத்தை ஒட்டவைத்து நடப்பது, ஒற்றைக் காலில் நிற்பது. "இன்னாம்மா இது, பொட்டப் புள்ளைங்க பாண்டி ஆடுற மாதிரி? கடல்ல நின்னவனை அடுப்பாண்ட நிக்கச் சொல்றியே!" அந்தப் பாண்டியைத்தான் பெண்பிள்ளைகள் பன்னிரண்டு வயதோடு நிறுத்தியிருக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். ஆண்பிள்ளைகள் தொடங்கியிருக்கவாவது வேண்டும்.

இரண்டு நாள் செய்தார். மூன்றாம் நாள் கேட்டால், "இன்னிக்கு என் பாடு இல்ல." ஏரியில் வலை போட ஊருக்கு ஊர் முறை வைத்திருக்கும் பாடு, சமையலறை வரை வந்துவிட்டது! கிண்டியில் முதியோருக்கென்றே 2024இல் தேசிய மருத்துவமனை திறந்திருக்கிறார்கள், ஒரு நடை போய்விட்டு வருவோம் என்று மகன் சொன்னான். "முதியோருக்குத்தானே?" என்று கேட்டுவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார்.

இவர் மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவரும் விழுகிறார். மீன் கூடையோடு பஸ் படியில் ஒருமுறை, சந்தையில் ஐஸ் தண்ணீரில் ஒருமுறை. மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு வேகமாக மெலியும், இடுப்பு முறிவு பெண்களிடம் அதிகம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆனால் கணவர் வெளியே சொல்லாதது கௌரவத்துக்காக. இவர் சொல்லாதது, தெரிந்தால் மீஞ்சூர் சந்தைக்குப் போக வேண்டாம் என்று மகன் தடுத்துவிடுவான் என்பதற்காக. அதனால் எழுந்து, புடவையை உதறி, சிதறிய மடவையைப் பொறுக்கிக்கொண்டு போய்விடுவார். இவர் வழக்கில் குற்றவாளியே கிடையாது, வழக்கே பதிவாவதில்லை.

கடைசியில் கணவரை மடக்கியது ஒரு பிரேசில் சேதி. அங்கே ஐம்பத்தொன்றிலிருந்து எழுபத்தைந்து வயதுவரை 1,702 பேரை ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்கச் சொல்லிப் பார்த்தார்கள். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர்தான் தோற்றார்கள். எழுபதைத் தாண்டியவர்களில் பாதிக்கு மேல். நிற்க முடியாதவர்களிடையே அடுத்த ஏழு வருஷத்தில் மரணமும் அதிகம். 2022இல் வெளிவந்த ஆய்வு. டீக்கடையில் யாரோ போனில் படிக்க, இவர் காதில் நோயோ மரணமோ விழவில்லை. போட்டி என்பது மட்டும் விழுந்தது.

மறுநாளிலிருந்து சமையல் மேடையோரம் தினமும் பாடுதான். விரல் நுனி மேடையைத் தொட்டபடி மூன்று விநாடி, நாலு விநாடி. ஒன்றரை மாதத்தில் எட்டு. உடற்பயிற்சி என்று சொன்னால் கோபம் வரும். "சும்மா, கடல் காலு மறந்துடுச்சான்னு பாக்குறேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூப்பிட்டார். நாற்பத்தெட்டு வயது, ஷிப்டு வேலை, வீட்டுக்கு வந்தால் சோபா.

"நீ நில்லுடா பாப்போம்."

"எனக்கு எதுக்கு நைனா? நான் இன்னா கிழவனா?"

"நில்லுன்றேன்ல."

நின்றான். இவர் எண்ணினார். ஐந்தில் இடுப்பு ஆடியது, ஆறில் கை பறந்தது, ஏழில் பிரிட்ஜைப் பிடித்துக்கொண்டான். அம்மா அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தார். இவர் ஒன்றும் பேசாமல் மீசையை நீவிக்கொண்டார்.

"கால்ல ஒண்ணும் இல்ல நைனா," என்றான் மகன், "இந்த டைல்ஸ்தான் சரியில்ல."