பூனை அண்ணாச்சி

தூத்துக்குடியில் தெருவுக்கு ஒரு பூனை அண்ணாச்சி உண்டு. ஷிப்பிங் ஆபீசில் காலம் தள்ளி, கன்டெய்னரை விடுவிக்கக் கஸ்டம்ஸ் அதிகாரிகளிடமே குரல் உயர்த்தியவர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் கிசுகிசுப்பாகத்தான் பேசுகிறார். "சத்தம் போடாதிய, ஜூலி உறங்குதா."

அவர் வளர்க்கும் பூனை ஜூலிக்குப் பதற்றம். அதை முதலில் கண்டுபிடித்தவர் அண்ணாச்சிதான். ஜூலை 26-ல் பனிமய மாதா கோயிலில் கொடியேறினால் ஆகஸ்ட் 5 வரை ஊரே திருவிழாவில் இருக்கும்; ஜூலி பீரோவுக்கு அடியில் இருப்பாள். மருத்துவரிடம் தூக்கிப்போகும் கூடையை எடுத்தாலே வீட்டுக்குள் மூத்திரம், அண்ணாச்சி கையில் ரத்தம்.

கால்நடை மருத்துவர் கபாபென்டின் எழுதினார். வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் மனிதர்கள் சாப்பிடுவது. கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் கொடுத்தால் பூனையின் பயம் தணியும். மருந்துக்கடையில்தான் சிக்கல்.

"பேஷண்ட் பேரு?"

"ஜூலி. வயசு நாலு."

"நாலு வயசுப் பிள்ளைக்கா இது, அண்ணாச்சி?"

"பிள்ளைதாம்ல. மீசை வச்ச பிள்ளை."

விடிந்ததும் திரேஸ்புரத்திலிருந்து சாளை வரும். அதன் வயிற்றுக்குள் மருந்தைத் திணித்து வைப்பார். சாளை காணாமல் போகும். மருந்து மட்டும் தரையில் கிடக்கும். முத்துக்குளித்த ஊர்ப் பூனைக்குப் பிரித்தெடுக்கவா சொல்லித்தர வேண்டும்? அடுத்து, கேப்ஸ்யூலைப் பிரித்துத் தூளை மீன் சாற்றில் கலக்குவார். கசப்பு பட்டதும் ஜூலிக்கு நுரை தள்ளும். அண்ணாச்சி மருத்துவருக்குப் போன் போட்டு அழுவார். ஒருவழியாக உள்ளே போய், அவள் தள்ளாடி நடந்து வரும்போது அண்ணி சொல்வார்: "அந்தக் காலத்துல சம்பளத்தன்னைக்கு நீங்க வந்த மாதிரியே வாராளே!"

ரோச் பூங்காவில் நடைக்கூட்டாளிகள் கேலி செய்தால் அண்ணாச்சியிடம் பதில் தயார். பூனையின் பயணப் பயத்துக்கென்றே ப்ரீகாபலின் திரவ மருந்துக்கு அமெரிக்கா 2023-ல் அனுமதி கொடுத்ததை ஒப்பிப்பார். பிறகு உள்ளூர்ச் சரித்திரம்: "முத்துக்குளிக்கப் போனவனே பயத்துக்கு மருந்து வாங்கிட்டுத்தாம்ல கடல்ல இறங்குனான்!" பொய்யில்லை. சுறாவின் வாயைக் கட்டும் கடல்கட்டிகள் மந்திரம் சொன்னால்தான் குளிப்பவர்களுக்குத் துணிவு வரும். அந்த மந்திரக்காரர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு போனதாக 13-ஆம் நூற்றாண்டின் மார்க்கோ போலோவே சொல்லியிருக்கிறார். சுறா கட்டுப்பட்டதோ இல்லையோ, நடுக்கம் கட்டுப்பட்டது. அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது.

ஜூலியின் எடை அண்ணாச்சிக்குக் கிராம் சுத்தமாகத் தெரியும். தன் சுகர் எவ்வளவு என்று கேட்டால், "கொஞ்சம் இருக்கும்" என்பார். தன் மாத்திரையை மறந்துவிடுவார். ஜூலிக்கு அலாரம் வைத்திருக்கிறார்.

சிரித்தது போதும். ஒரு விஷயத்தில் அவர் நம்மைவிடக் கெட்டிக்காரர். வீட்டுப் பெரியவர்களின் கால் எரிச்சல் மாத்திரை அட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்து ஜூலிக்குக் கொடுத்ததில்லை. அந்த அட்டைகளில் பலவற்றில் கபாபென்டினோடு வேறு மருந்தும் கலந்திருக்கும், அளவும் மனிதருக்கானது. காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் ஒன்றே பூனையைக் கொன்றுவிடும். உங்கள் வீட்டிலும் ஒரு ஜூலி நடுங்கினால் எடை பார்த்து மருத்துவர் எழுதியதை மட்டும் கொடுங்கள். கூடவே உங்கள் சுகர் மாத்திரையையும் போட்டுக்கொள்ளுங்கள்.